ரங்கூன் பூனைக்குக் கட்டுப் போட்டது

யுத்த காலத்தில் தூத்துக்குடியில் ஒரு கப்பல் கம்பெனியில் எனக்குத் தற்காலிகக் குமாஸ்தா வேலை. ஒழுங்காக இருந்தால் நிரந்தரமாக்குவதாகத் துரை சொல்லியிருந்தார். ஒழுங்கு என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத சாமான். ஆனால் சாத்தான்குளத்தில் அப்பா, இந்த வேலையும் போனால் வாசற்படி மிதிக்காதே என்று சொல்லிவிட்டதால் ஒழுங்காகத்தான் இருந்தேன், அந்தப் பூனையைப் பார்த்துக்கொள்ளும்படி ஆகும்வரை.

பூனை துரைசாணியுடையது. ரங்கூனில் குண்டு விழுந்தபோது பெட்டி படுக்கை, வெள்ளிச் சாமான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த அம்மாள் இந்த ஒரு பூனையைத் தூக்கிக்கொண்டு கப்பலேறி வந்தவள். சயாம் சாதி. உடம்பு சவ்வரிசிப் பாயச நிறம்; முகம், காது, கால், வால் மட்டும் அடுப்புக்கரியில் தோய்த்து எடுத்ததுபோல் இருக்கும். நீலக் கண்கள் இரண்டும் தன் மூக்கையே சந்தேகமாகப் பார்க்கும். ஒல்லியில் எனக்குத் தம்பி. நம் ஊர்ப் பூனை கத்தும், இது வழக்காடும். பதில் சொல்லாவிட்டால் கணுக்காலைக் கடிக்கும்.

துரையும் துரைசாணியும் கொடைக்கானலுக்குக் கிளம்பினார்கள். பூனையோடு தனியாக இருக்கச் சமையற்காரர் மறுத்துவிட்டார். அவர் முன்கையைப் பார்த்தால் காரணம் தெரியும். கடைசியில் என்னைப் பங்களாவில் விட்டார்கள். “பூனைக்கு ஏதாவது ஆனால் நீ வேலைக்கு வர வேண்டாம்” என்றார் துரை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் நாளே கடற்காற்றில் கதவு அறைந்தது. பூனை வீறிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் வால் நுனி தூண்டில் முள்போல் வளைந்து நின்றது. அதுவரை அந்த வாலை நான் சரியாகப் பார்த்ததில்லை. எப்போதும் அது துரைசாணியின் கைமடிப்புக்குள் இருக்கும். என் வேலையும் அந்தக் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது போலிருந்தது.

துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு எலும்பு முறிந்தால் கட்டுப் போடும் வைத்தியரைக் கூட்டிவந்தேன். பிரம்மாண்டமான ஆள். வாசலில் நின்றபடியே வாலைப் பார்த்தார்.

“முறிஞ்சுதாம்ல போச்சு.”

“தொட்டுப் பாக்காமலே சொல்லுதிய, அண்ணாச்சி.”

“நீ தொடு. நான் சொல்லுதேன்.”

சமையற்காரர் அடுக்களைக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு சொன்னார்: “ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருங்க. யாரை மொதல்ல கடிக்கலாம்னு அது பாத்துக்கிட்டு இருக்கு.”

திட்டம் என்னுடையது, மோசமாய்ப் போனதில் ஆச்சரியமில்லை. பூனையைச் சாக்கில் போட்டு, வாலை மட்டும் வெளியே விட்டு, நான் சாக்கின் மேல் படுத்துக்கொள்ள வேண்டும். வைத்தியர் முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்து, மூங்கில் பத்தையை வைத்து வாலை ஒரு இழுப்பு இழுத்தார். சாக்கு கிழிந்தது. அது பூனை மாதிரி வரவில்லை, பத்துக் கத்தி சேர்ந்து வந்தது. என் காது மடல் தொங்கிற்று. வைத்தியரின் நெஞ்சில் ஏறி, மண்டையில் ஏறி, அங்கிருந்து திரைச்சீலைக்குத் தாவி, கண்ணாடி விளக்கோடு கீழே வந்தது. அவர் அதை மிதிக்கப்போய் என் கையை மிதித்தார். விரல் ஒன்று நொறுங்கும் சத்தம் எனக்கே கேட்டது.

“விடாத பிடில.”

“நான் எங்க பிடிச்சிருக்கேன், அண்ணாச்சி? அதுல்லா என்னைப் பிடிச்சிருக்கு.”

என் தொடைச் சதையில் அது பல்லை இறக்கித் தொங்கிய நேரத்தில்தான் வைத்தியர் வாலில் கட்டுப் போட்டு முடித்தார். பிறகு அதே வெள்ளைக்கரு மாவை என் விரலுக்கும் பூசிக் கட்டிவிட்டு, நெற்றி ரத்தத்தைத் துண்டால் ஒற்றிக்கொண்டு போனார். தரையெல்லாம் முட்டையும் ரத்தமும்.

நான் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். அலமாரிக்கு அடியில் உறுமிக்கொண்டிருந்த பூனை வெளியே வந்தது. தொண்டையைப் பொத்திக்கொண்டேன். அது என் மடியில் ஏறி, என் கட்டை முகர்ந்து, தன் கட்டை நக்கி, நீளமாக ஏதோ சொல்லிவிட்டுத் தூங்கியது. அதற்குப்பின் என்னை விட்டு அகலவில்லை. குளிக்கப் போனால் கதவைப் பிராண்டி அழும். வேறு யார் என் பக்கம் வந்தாலும் சீறும்.

துரைசாணி திரும்பி வந்ததும் வாலின் மூங்கிலைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். அவிழ்த்தாள். வால் பழையபடி வளைந்து நின்றது.

“இது பிறந்த வால். உடைந்த வால் இல்லே” என்றாள், ரங்கூன் வேலைக்காரர்களிடம் கற்ற தமிழில். “இந்தச் சாதிக்கு அப்படித்தான்.”

போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. அவள் பூனையைத் தூக்கினாள். அது அவள் மணிக்கட்டில் எலும்புவரை கடித்தது. துள்ளி என் தோளில் வந்து நகம் பதித்து உட்கார்ந்தது.

துரை தன் கைப்பிரம்பை ஓங்கினார். நான் செய்ததை வீரம் என்று நினைத்துவிட வேண்டாம். பூனைக்கு ஓங்கிய அடி என் தலையில் விழுந்தது, இரண்டாவது கழுத்தில். மூன்றாவதில் பிரம்பைப் பிடித்தேன். உடனே விட்டிருக்கலாம். விட்டால் அடி பூனைக்கு. விடவில்லை. அவர் இழுத்தார், நானும் இழுத்தேன். பிரம்பு என் கைக்கு வந்துவிட்டது. அவர் முகம் சிவந்த சிவப்பில் என் வேலை முடிந்தது தெரிந்தது.

“வெளியே போ” என்றார்.

பூனையைப் பிய்த்து எடுக்கப் பார்த்தேன். என் சட்டையோடுதான் வரும் போலிருந்தது. துரைசாணி ரத்தம் சொட்டும் கையை உடம்போடு அணைத்துக்கொண்டு பூனையையே பார்த்து நின்றாள். அது அவளைப் பார்க்கவில்லை.

“கொண்டு போ” என்றாள். “மீனில் முள் எடுத்துக் கொடு. முள்ளோடு சாப்பிடாது.”

வாசல்வரை வந்து, கதவைக் காற்று அறையாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கையில் துரையின் பிரம்போடும் தோளில் பூனையோடும் சாத்தான்குளத்துக்குப் புறப்பட்டேன்.