கரிமூட்டைக்கு அடியில் இருந்த ஆணிகள்

ஆண்ட்ரூ ஸ்காலே ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுக்காரன். கடல் ஆழம் அளக்கும் எங்கள் ‘சாண்டர்லிங்’ கப்பலின் துடுப்புச் சக்கரக் கூண்டின்மேல் நின்று, ஈயக்குண்டு கட்டிய கயிற்றை வீசி, “மூணு பாகம்!” என்று அவன் கத்தினால், அதிகாரிகள் பதினெட்டு அடி என்று அப்படியே வரைபடத்தில் எழுதிக்கொள்வார்கள். பதினோரு வருடமாக யாரும் அவனைத் திருப்பிக் கேட்டதில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

நான் கீழே கொதிகலனுக்குக் கரி அள்ளுகிறவன்.

1854 ஆகஸ்டில் பழைய கயிறு அறுந்து, ஸ்காலே புதுக் கயிறு கட்டினான். புதுச் சணல் நனைந்தால் சுருங்கும். ஆகையால் தினமும் காலையில் ஈரக் கயிற்றை மேல்தளத்தில் விரித்து, பலகையில் ஆறடிக்கு ஒன்றாக அடித்திருக்கும் செப்பாணிகளோடு ஒத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆணிகள்மேல்தான் நான் கரி மூட்டைகளை அடுக்கியிருந்தேன்.

“கொஞ்சம் நகத்துடா” என்றான் ஸ்காலே.

“அறுபது மூட்டைண்ணே! எடுத்து உன் தலையிலயா வைக்கிறது? உன் கயிறு உனக்குத் தெரியாதா?”

சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

மூன்று வாரம் கழித்து, சனிக்கிழமை மத்தியானம் மூட்டைகள் தீர்ந்தன. ஸ்காலே கயிற்றை விரித்தான். கயிற்றில் மூன்று பாகத்துக்குக் கட்டியிருந்த அடையாளம், ஆணிக்குக் கால் பாகம் முன்னாலேயே நின்றது. அவன் முகம் வெளுத்துவிட்டது. நீரிணை வாயிலில் இருக்கும் மணல்மேட்டின்மேல் பதினெட்டு அடித் தண்ணீர் என்று எழுதியாகிவிட்டது, உண்மையில் பதினாறரைதான். அவன் தம்பி ஓட்டும் மரம் ஏற்றுகிற கப்பலுக்குப் பதினேழு வேண்டும்; வரைபடத்தை நம்பி வந்தால் தரை தட்டும். வரைபடமோ திங்களன்று லண்டனுக்குப் போகிறது.

“சொல்லாதண்ணே. மூணு வார வேலையத் திரும்பச் செய்யணும்னா, ஆளுங்க உன்னத் தூக்கிக் கடல்ல போட்டுருவாங்க” என்றேன். என் பயம் வேறு. விசாரித்தால் மூட்டைக் கதையும் வெளியே வரும்.

ஞாயிறு பிரார்த்தனையில் அவன் வாய் அசையவே இல்லை. உப்புக்கறியைத் தொடவில்லை. பிறகு தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கேப்டன் அறைக்குப் போனான். நானும் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றேன்.

“கயிறு சுருங்கிருச்சுங்கய்யா. மூணுன்னு சொன்னதெல்லாம் ரெண்டே முக்கால்.”

“ஆணியோட ஒத்துப் பாக்கலையா?”

“இல்லீங்கய்யா.”

“ஏன்?”

ஸ்காலே திரும்பினான். கதவோரம் நின்ற என்னைப் பார்த்தான்.

“சோம்பேறித்தனங்கய்யா.”

அன்றே அவனைக் கரி அள்ள என்னிடம் இறக்கிவிட்டார்கள். செப்டம்பர் புயலில் நனைந்து நனைந்து எல்லாவற்றையும் மறுபடி அளந்தோம். அவனைத் திட்டாத ஆளில்லை. சந்தேகம் வரக்கூடாதே என்று, எல்லோர் முன்னாலும் நானும் திட்டினேன். அவன் அடுத்த மூட்டையைத் தூக்கி என்னிடம் கொடுத்தான்.