மஞ்சள் பின்னணி, கறுப்புக் கட்டம்

அன்று காலை கப்பல் பட்டறைக் கொட்டகையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். போளூர் ஏழுமலை. அவன் மச்சான் சேகர். தேசூர் முனுசாமி, ஊரிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எங்கள் ஆரணி தயாளன். வந்தவாசிப் பக்கத்து அண்ணன் தம்பி இரண்டு பேர். ஜோசப். பாஷா. கன்னியப்பன். இந்த ஒன்பது பேரும் கப்பலின் அடித்தொட்டிக்குள் இறங்கித் துரு சுரண்டுகிறவர்கள். பாதுகாப்பு அதிகாரி மிஸ்டர் டான், சீனர். பிறகு நான். தொட்டி வாயில் நின்று, இறங்குகிறவனையும் ஏறுகிறவனையும் பார்த்துக்கொள்வது என் வேலை. எல்லார் கையிலும் பிளாஸ்டிக் பையில் கட்டிய டீ. சிங்கப்பூர் வந்து இத்தனை வருஷம் ஆகியும் டீயை விரலில் தொங்கவிட்டுக் குழல் போட்டு உறிஞ்சுவது எனக்குப் பழகவில்லை. ஆறட்டும் என்று பிடித்துக்கொண்டே நிற்பேன். அது ஆறுவதற்குள் வேலை மணி அடித்துவிடும்.

மூடிக் கிடந்த தொட்டியில் கெட்ட காற்று தங்கியிருக்கும். வாடையும் இருக்காது, கண்ணுக்கும் தெரியாது. இறங்கினவன் உட்கார்ந்த மாதிரியே போய்விடுவான். கருவி வைத்துச் சோதித்த பிறகுதான் இறங்க வேண்டும். இதை டான் தினமும் இங்கிலீஷில் சொல்வார். நம் ஆட்கள் தலையாட்டுவார்கள். ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்டு, "யூ மேக் தமிழ் ஸ்லைட். கேன்?" என்றார். "கேன்" என்றேன். எட்டாவதோடு நின்றவன் நான். இங்கே இந்த ஒரு சொல்லை வைத்துத்தான் காலம் ஓடுகிறது.

கொட்டகைக் கம்ப்யூட்டரில் ஸ்லைட் போடுகிற புரோகிராம் இருந்தது. அதில் தமிழ் அடித்தால் கட்டம் கட்டமாக விழுந்தது. இணையப் பக்கம் திறக்கிற இடத்தில் மட்டும் தமிழ் ஒழுங்காக வந்தது. டிராயிங் ஆபீஸ் செல்வா, இங்கேயே பிறந்த தமிழ்ப் பிள்ளை, "அப்படீன்னா வெப் பேஜாவே செஞ்சிடலாம் அண்ணே, சுலபம்லா" என்றான். வாசகத்துக்கு ஒரு ஃபைல். அலங்காரத்துக்குத் தனியாக ஒரு ஃபைல். வாசகத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் உயரம் திரையில் நூறு சதவீதம் என்று எழுதினால் அது திரை முழுக்க நிற்கும். பேஜ் டவுன் தட்டினால் அடுத்தது வரும். வேறு புரோகிராமே வேண்டாம். வாசகத்தைத் தொடாமல், அலங்கார ஃபைலில் ஒரு வரியை மாற்றினால் அத்தனை பக்கமும் ஒரே நேரத்தில் நிறம் மாறும். எனக்குப் பிடிபட்டுவிட்டது. பட்டறையில் அபாயப் பலகையெல்லாம் மஞ்சளும் சிவப்புமாகத்தான் இருக்கும். நானும் பின்னணிக்கு மஞ்சள், எழுத்துக்குச் சிவப்பு என்று போட்டேன். மேனேஜர் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

அதைத்தான் அன்று காலை சுவரில் காட்டினோம். முதல் பக்கம் வந்ததுமே தயாளன் ஆரம்பித்தான். "இன்னாண்ணா, யார் வூட்டு கல்யாணம்?"

"மாப்ள சேகருதாம்பா. பொண்ணுதான் இன்னும் பாக்கல" என்றான் ஏழுமலை.

"சோத்தை எத்தினி மணிக்குப் போடுவாங்க, அதைச் சொல்லுண்ணா முதல்ல" என்றான் பாஷா.

கடைசிப் பக்கம்வரை சிரித்துக்கொண்டிருந்தார்கள். டானும் சிரித்தார். பாடம் நன்றாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டார் போல.

பத்து மணி டீ வேளையில் முனுசாமி தொட்டிக்குள் கால் வைத்துவிட்டான். காற்றுச் சோதனைக்கு ஆள் இன்னும் வரவில்லை. ஓடிப்போய்ச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் இரும்புத் தளத்தில் விழுந்தோம்.

"நேத்து கிளவுஸை உள்ளயே வுட்டுட்டேண்ணா. ஜல்தியா எடுத்துகினு வந்துடலாம்னு..."

"காலைல இன்னா காட்டினேன் உனக்கு?"

அவன் முழங்கையைத் தேய்த்தான். "பத்திரிகை மாதிரி இருந்துச்சி. எல்லாரும் கலாய்ச்சிகினு இருந்தாங்க. யாருண்ணா படிச்சது?"

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆரணியில் நாங்கள் தறிக்காரக் குடும்பம். எனக்குத் தறியில் உட்கார முடியவில்லை. தொண்ணூறுகளில் மார்க்கெட் பக்கம் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்தேன். மஞ்சள் அட்டை, சிவப்பு மை, அது கல்யாணம். வெள்ளைத் தாள், கறுப்புக் கட்டம், அது சாவு. கல்யாண வீட்டார் யார் பெயர் மேலே வருவது என்று கடையிலேயே சண்டை போடுவார்கள். பத்திரிகை கையில் வந்தால் ஒருவரும் வாசகத்தைப் படிக்கமாட்டார்கள். தேதியையும் மண்டபத்தையும் பார்ப்பார்கள், மடித்து வைப்பார்கள். கறுப்புக் கட்டம் சுவரில் ஏறினால் சைக்கிளில் போகிறவன்கூடக் காலூன்றி முழுசாகப் படிப்பான். சாவு அவசரத்துக்கு வரும் என்பதால் அந்தக் கட்டத்தை முன்னமே அச்சுக் கோத்து வைத்திருப்போம். பெயருக்கும் படத்துக்கும் இடம் காலியாக இருக்கும். முதலாளி அதைச் சுவரைப் பார்த்துத் திருப்பித்தான் வைப்பார். காலியாக இருக்கிற கட்டம் ஆளைப் பார்க்கக் கூடாதாம்.

மத்தியானம் அலங்கார ஃபைலைத் திறந்தேன். பின்னணி வெள்ளை. எழுத்து கறுப்பு. சுற்றிலும் கனத்த கறுப்பு பார்டர். மேலே படத்துக்கு ஒரு காலி வட்டம். வாசகத்தில் ஒரு எழுத்தையும் தொடவில்லை.

டான் பார்த்தார். "நோ குட்" என்றார். எழுத்து சின்னதாக இருக்கிறதாக்கும் என்று பெரிதாக்கிக் காட்டினேன். இரண்டு அடி தள்ளி நின்றார். "சுவே லா" என்றார். துரதிர்ஷ்டத்துக்கு அவர்கள் பேச்சு அது. "மேனேஜர் சீ, யூ கோ ஹோம்."

போனால் போகிறது என்று சொல்லத்தான் வாய் வந்தது. அலுத்துப்போயிருந்தேன். சொல்லவில்லை. என் முழங்கைச் சிராய்ப்பைக் காட்டி, "முனுசாமி. நோ ரீட் எல்லோ" என்றேன். அவர் குனிந்து சிராய்ப்பைப் பார்த்தார். பிறகு, "மை ஹவுஸ் ஆல்சோ, ரெட் இஸ் வெட்டிங்" என்றார். மறுநாள் காலை நான் அதைக் காட்டியபோது அவர் கொட்டகைக்கு வெளியே போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

உள்ளே ஒருத்தனும் சிரிக்கவில்லை. டீயை உறிஞ்சுகிற சத்தமும் நின்றுபோனது. கடைசிப் பக்கத்தை இரண்டாம் தரமும் போடச் சொன்னான் ஜோசப். முனுசாமிதான் வாயைத் திறந்தான்.

"பேஜாரா கீதுண்ணா. அந்தக் காலி எடம் யாருக்கு? எனக்கா?"

"யாருக்கும் இல்லடா. அது காலியாவே கெடக்கணும்."

அதற்குப் பிறகு இரண்டு அலங்கார ஃபைலையும் வைத்திருக்கிறேன். மேனேஜரும் விருந்தாளிகளும் வந்தால் மஞ்சள். நம் ஆட்கள் மட்டும் என்றால் கறுப்பு. வாசகம் ஒன்றுதான். ஆரணிக்குப் போயிருந்தபோது பங்காளி ஒருவர் தட்டில் வைத்துக் கல்யாணப் பத்திரிகை நீட்டினார். மஞ்சள் அட்டை, சிவப்பு எழுத்து. என் கால் தானாக ஒரு அடி பின்னால் போனது. "இன்னாப்பா, வாங்க மாட்டியா?" என்று அவர் முகம் வாடிவிட்டது. இங்கே பட்டறையில் அபாயப் பலகையைத் தாண்டும்போது சில காலையில் மண்டப வாசல் ஞாபகம் வருகிறது. எந்த ஊரிலும் சரியான நேரத்துக்குச் சரியான நிறம் கண்ணில் படுவதில்லை.

கறுப்புக் கட்டம் காட்டிய அன்று சாயங்காலம் மழை தூறியது. தொட்டி வாயில் நின்றேன். ஒவ்வொருவனாக ஏறி வந்தான். கடைசியில் முனுசாமி, அந்த கிளவுஸோடு. விரல் மடக்கி எண்ணினேன்.

ஒன்பது.