கிட்டங்கிக்கு இக்கரையில் ஒரு வீடு

வெள்ளிக்கிழமை விடியற்காலை லுணுகலையில் பஸ் ஏறும்போது ஸ்வெட்டர் போட்டிருந்தேன். அம்பாறையில் இறங்கியபோது அதைக் கையில் பிடித்திருப்பதே பாரமாக இருந்தது. பிபிலை, மஹாஓயா, உகனை என்று மலை இறங்கி இறங்கி வந்த பாதை அம்பாறையோடு சமதரையாகிவிடுகிறது. அங்கே கல்முனை பஸ்ஸுக்கு மாற வேண்டும். மீதி இருபத்தைந்து கிலோமீற்றர் அளவுதான். சம்மாந்துறை தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல். காரைதீவுச் சந்தியில் பஸ் இடப்பக்கம் திரும்பியதும் கடற்காற்று முகத்தில் அடித்தது. அதன்பிறகு ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. கடை, பள்ளிவாசல், கடை, மதில், கோயில், மறுபடியும் கடை.

நான் பார்க்க வந்தது டொக்டர் சுபைதாவை. கல்முனைக்குடியில் மீன்பிடிக் குடும்பமொன்றில் பிறந்து, மருத்துவம் படித்து, இந்தக் கரையோர ஆஸ்பத்திரிகளில் வேலை செய்தவர். சுனாமிக்குப் பிறகு முகாம்களில் அவர் தாய்மாரையும் குழந்தைகளையும் கவனித்த விதத்தைப் பார்த்து வெளிநாட்டுக்காரர்கள் அவரை அழைத்தார்கள். முதலில் ஆபிரிக்காவில் தடுப்பூசி வேலை. பிறகு வங்காளதேசத்து வெள்ளப் பிரதேசங்கள், யெமன், கடைசியில் ஜெனீவாவில் பல நாடுகளின் தாய்சேய் நலத்துக்குப் பொறுப்பான கதிரை. ஓய்வு பெற்றதும் ஊருக்கே வந்துவிட்டார்.

நான் தேயிலைத் தோட்டப்புறத் தாய்மாருக்கான ஒரு சிறிய சுகாதாரத் திட்டத்தில் வேலை செய்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகப் படித்த முதல் ஆள் நான், பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நானே. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. டொக்டர் சுபைதா தன் வீட்டைப் பிரசவத்துக்குக் காத்திருக்கும் தாய்மார் தங்கும் வீடாக மாற்றப்போகிறார் என்று கேள்விப்பட்டபோது, அப்படியொன்று எங்கள் பக்கமும் வேண்டும் என்று தோன்றியது. வட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டேன். "வாங்கோ. சனிக்கிழமை வீட்டில சம்பந்தம் கதைக்க ஆக்கள் வருவாங்க, அதையும் பாத்திட்டுப் போங்கோ" என்று பதில் வந்தது.

கல்முனை பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு முந்நூறு ரூபா. டிரைவர் நியாஸ் விலாசம் கேட்கவில்லை.

"டொக்டர்ட வீட்டுக்கா? ஏறுங்க தங்கச்சி. உலகத்துக்கே ஊசி போட்ட மனிசி. எங்கட தெரு நுளம்புக்குத்தான் இன்னும் ஒண்டும் செய்யல்ல."

"அவரிடம் சொன்னீர்களா?"

"சொன்னேனே! 'உங்கட ஆட்டோக்குப் பின்னால கிடக்கிற டயர முதல்ல எடுங்க தம்பி, அதுக்குள்ளதான் நுளம்பு குடும்பம் நடத்துது' எண்டுட்டா. அண்டைக்கே எடுத்துப் போட்டுட்டன்."

வீடு பெரியது. முன்னால் அகலமான ஹோல், அதையொட்டி இரண்டு அறைகள், பின்னால் இன்னும் இரண்டு, சமையலறை, கிணறு. கல்முனையின் ஆஸ்பத்திரிகளுக்கு நடந்தே போகலாம். டொக்டர் சுபைதா வாசலில் நின்றார். மருதமுனைக் கைத்தறிச் சேலை, முக்காடு, காலில் றப்பர் செருப்பு. மந்திரிமாரைக் காத்திருக்க வைத்தவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். என்னிடம் முதலில் கேட்டது, "வயித்தப் பிரட்டினதா? அந்த மஹாஓயா வளைவுகள் எனக்குச் சரிவராது" என்பதுதான்.

சனிக்கிழமை காலை, நியாஸின் ஆட்டோவிலேயே கிட்டங்கிக்குப் போனோம். கல்முனையின் மேற்குப் பக்கம், வயல்களுக்கு நடுவில் ஓடும் பாதை அது. கிட்டங்கியில் தண்ணீருக்குக் குறுக்கே தாம்போதி என்ற தாழ்வான பாலம் ஒன்று போடப்பட்டிருக்கிறது. அக்கரையில் நாவிதன்வெளியும் அதற்கு அப்பால் விவசாயக் கிராமங்களும். நாங்கள் போனது ஆவணி மாதம். தாம்போதியின் இரு பக்கமும் ஆம்பல் பூத்து, கொக்குகள் ஆறுதலாக நின்றன. இவ்வளவு அமைதியான தண்ணீரா பாதையை மூடும் என்று கேட்டேன்.

டொக்டர் ஓரத்துக் கட்டையருகே போய்த் தன் இடுப்பளவில் கையை வைத்துக் காட்டினார். "மாரியில இவ்வளவுக்கு நிக்கும். உழவு மெசின்ல கடப்பாங்க, தோணியில கடப்பாங்க. வலி எடுத்த பொம்புளைய அதில ஏத்திப் பாருங்கோ."

அக்கரையிலிருந்து சைக்கிள் ஒன்று வந்து எங்களருகே நின்றது. மிதித்து வந்தவர் கீழே இறங்கிக்கொள்ள, பின்னால் இருந்த அவர் மனைவியும் மெதுவாக இறங்கினார். சரோஜா என்று பெயர். இது மூன்றாவது பிள்ளை. இரண்டாவது பிள்ளை உழவு இயந்திரப் பெட்டிக்குள் பிறந்தது என்று டொக்டர் பிறகு சொன்னார். சரோஜா சுற்றி வளைக்கவில்லை.

"டொக்டர், வீடு எப்ப திறப்பீங்க? எனக்குக் கார்த்திகைக்கு நாள். தண்ணி வர முதல் நான் இக்கரைக்கு வந்திரோணும்."

"அது இப்ப என்ட கையில இல்ல மகள்."

"உங்கட வீடுதானே டொக்டர்?"

டொக்டர் சிரித்தார். பணிவுக்காக அப்படிச் சொல்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். சரோஜாவின் முகம் மட்டும் வாடிப்போனது. புருஷன் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள மறுபடி ஏறினார்.

பகல் சாப்பாடு டொக்டரின் தங்கை மர்ஜானின் சமையல். சோறு, சூரை மீன் ஆணம், முருங்கை இலைச் சுண்டல். அவர் வட்டிலப்பத்துக்குத் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டே ஊர் வழக்கத்தை எனக்கு விளங்கப்படுத்தினார். இந்தக் கரையில் பெண் பிள்ளைக்குத்தான் வீடு. தாய் தகப்பன் கட்டிக் கொடுப்பார்கள் அல்லது தாயின் வீடே மகளுக்குப் போகும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். இந்த வீடு உம்மாவிடமிருந்து மூத்த மகளான டொக்டருக்கு வந்தது. டொக்டருக்குப் பிள்ளைகள் இல்லை, கணவரும் காலமாகிவிட்டார். மர்ஜானின் வீடு அவருடைய மூத்த மகளுக்குப் போய்விட்டது. இளைய மகள் ஹஸ்னாவுக்கு இந்த வீடுதான் என்று குடும்பம் முழுவதும் நினைத்திருந்தது. அன்றைக்குப் பிற்பகல் மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருவது இதைத்தான்.

"அப்படியானால் தாய்மார் வீடு?" என்றேன்.

மர்ஜான் அக்காவைப் பார்த்தபடி தேங்காய்ப்பூவை இறுக்கிப் பிழிந்தார். "அதத்தான் இந்த ராத்தாட்ட கேளுங்க. உலகம் முழுக்க வீடு வீடாப் போனவ. முதல் நாட்டுல என்ன கூத்துச் செஞ்சா எண்டு தெரியுமா உங்களுக்கு?"

"தொடங்கிட்டா," என்றார் டொக்டர்.

"போயிட்டு, ஊசிக்காரப் புள்ளையளுக்குச் சொல்லியிரிக்கா, வீட்டுக்காரிட்ட கேட்டாப் போதுமெண்டு. வீடு பொம்புளைடதானே! எங்கட மாப்பிள்ளமார் மாதிரி அங்கயும் ஆம்புளையள் பொஞ்சாதிட வீட்டுல ஒதுங்கி இரிக்கிற எண்டு நினைச்சிட்டா. பொம்புளையள் எல்லாம் ஓமெண்டு சொல்ல, கதவுல சோக்கால அடையாளமும் போட்டாச்சு. பின்னேரம் ஆம்புளையள் வந்து அழிச்சுப்போட்டுக் கதவப் பூட்டிட்டாங்க! கல்முனைக்குடியாள் ஒருத்திக்குத்தான் இந்தப் புத்தி வரும்."

டொக்டரும் சேர்ந்து சிரித்தார். மிச்சத்தை அவர் சொன்னார். பொலிஸ் பாதுகாப்போடு போகலாம் என்று அந்த நாட்டு அதிகாரிகள் சொன்னார்களாம். அவர் மறுத்துவிட்டு, ஊர் ஆண்கள் கூடும் மரத்தடியில் போய் இருந்தாராம். அவர்கள் கதைக்கும் வரை இருந்தாராம். அங்கிருந்துதான் அவருடைய பேர்பெற்ற ஒழுங்கு பிறந்தது. எந்த நாட்டிலும் அவருடைய ஆட்கள் வீட்டு வாசலில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்த வீட்டில் 'இல்லை' என்று சொல்லக்கூடியவர் யார் என்பதே. அவரிடம் கேட்காமல் வாங்கும் சம்மதம் சம்மதமில்லை.

"இல்லையென்று சொல்ல வழியில்லாதவர்களிடம் கேட்டால்?" என்றேன்.

"அது கேக்கிறதே இல்ல. முதல்ல அவங்களுக்கு அந்த வழிய உண்டாக்கோணும்."

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு மருதமுனையிலிருந்து மாப்பிள்ளையின் தாய் றஹ்மத்தும்மா தன் தங்கையோடு வந்தார். கொண்டைப்பின் குத்திய முக்காடு, கூர்மையான பார்வை. ஸலாம் சொல்லி, தண்ணீர் குடித்து, பேச்சோடு பேச்சாகக் கண்ணாலேயே வீட்டை அளந்துவிட்டார். ஹஸ்னா பிளேன்டீத் தட்டோடு வந்து நின்றாள். கணக்கியல் படித்து, கல்முனைக் கடையொன்றில் வேலை செய்பவள். அதுவரை அவள் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசி நான் கேட்கவில்லை.

"மாஷா அல்லாஹ், நல்ல வீடு," என்றார் றஹ்மத்தும்மா.

டொக்டர் கதிரையைச் சற்று முன்னுக்கு இழுத்துப் போட்டார்.

"மச்சி, ஒரு விசயம் முதல்ல சொல்லிப்போடுறன். இந்த வீடு போன கிழமை ஹஸ்னாட பேருக்கு எழுதியாச்சு. இனி எனக்கு இதில ஒண்டுமில்ல."

மர்ஜானின் கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது. அவருக்கே தெரியாது. ஹஸ்னாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது, கையெழுத்துப் போட்டவள் அவள்தானே. கிட்டங்கியில் சரோஜாவிடம் டொக்டர் சொன்னது சொல்லுக்குச் சொல் உண்மை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"இனி கேக்கலாம்," என்று டொக்டர் ஹஸ்னாவின் பக்கம் திரும்பினார். "மகள், மாரி மாசங்கள்ல கிட்டங்கிக்கு அப்பால தாய்மார் வந்து தங்க ஒரு இடம் வேணும். உன்ட வீட்டத் தரலாமா? ஏலாதெண்டால் ஏலாது எண்டு சொல்லு. நான் வேற இடம் தேடுவன். உனக்கும் எனக்கும் ஒரு மாறுபாடும் வராது."

வேறு இடம் அவர் ஏற்கெனவே தேடிப் பார்த்துவிட்டார், கிடைக்கவில்லை. அது மர்ஜான் சொல்லி எனக்குத் தெரியும், ஹஸ்னாவுக்கும் தெரியும். கார்த்திகைக்கு அதிக நாளில்லை. டொக்டரின் முகத்தைப் பார்த்தேன். கெஞ்சலும் இல்லை, நெருக்குதலும் இல்லை. பெரிய மேசைகளில் இருந்தபோதும் இப்படித்தான் இருந்திருப்பார் என்று நினைத்தேன்.

"ராத்தா, மாப்பிள்ள வீட்டார வெச்சிட்டு இதென்ன கதை?" என்று மர்ஜான் முணுமுணுத்தார்.

ஹஸ்னா தட்டைக் கீழே வைத்தாள்.

"என்ட வீடு," என்றாள். முதல் தடவை சொல்லிப் பார்ப்பவள் போல ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு குரல் வந்தது. "முன் ஹோலும் ரெண்டு அறையும் மாரிக்குத் தாய்மார் எடுக்கட்டும். பின்பக்கம் எனக்கு. கிணத்தடி பொது. சாவி என்ட கையிலதான் இருக்கும் பெரியும்மா. நீங்க வெள்ளக்காரர கூட்டி வந்து படம் எடுக்கப்படாது. தாய்மார் வெக்கப்படுவாங்க."

"எடுக்கமாட்டன்," என்றார் டொக்டர், திட்டு வாங்கிய பிள்ளை போல.

"போச்சு, சம்பந்தம் போச்சு," என்று மர்ஜான் எனக்குக் கேட்கும்படி சொன்னார்.

றஹ்மத்தும்மா கோப்பையை வைத்தார். ஹஸ்னாவை நேராகப் பார்த்தார்.

"அப்ப என்ட மகன் எந்த வாசலால வாற? முன்னுக்கு அந்நியப் பொம்புளையள் படுத்துக் கிடப்பாங்க. அவன் அவங்களக் கடந்து வாறதா?"

டொக்டரிடம் பதில் இருந்திருக்கும். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ வாசல்களைப் பார்த்தவர். ஆனால் அவர், "அதுதான் எனக்கும் விளங்கல்ல மச்சி. நீங்க வந்து பாத்துச் சொல்லுங்க" என்று எழுந்து பின்பக்கக் கதவைத் திறந்துவிட்டார்.

றஹ்மத்தும்மா முதலில் எழவில்லை. பிறகு எழுந்தார். கிணற்றடியைச் சுற்றி வந்தார். பின்மதிலைத் தட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் போய்வர ஒழுங்கை இருக்கிறதா என்று கேட்டார், ஹஸ்னா ஓம் என்றாள். மதிலோரத்து வாழையை வெட்ட வேண்டும் என்றார், ஹஸ்னா வாழையை வெட்ட ஏலாது என்றாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். றஹ்மத்தும்மா முந்தானையைச் செருகிக்கொண்டு, வாழைக்கு இந்தப் பக்கமாக மணலில் காலால் ஒரு கோடு இழுத்தார்.

"இஞ்சால உடைச்சு வாசல் வைங்க. மோட்டர் சைக்கிளும் வரோணும், அகலமா வைங்க. அவன் இந்த வழியால வரட்டும்."

மர்ஜான் வட்டிலப்பத்தை எடுக்க உள்ளே ஓடினார்.

டொக்டர் போனை எடுத்துக்கொண்டு ஒதுக்குப்புறமாகப் போனார். நாவிதன்வெளிக்குத்தான் எடுத்தார். "சரோஜா, வீட்டுக்காரி ஓமெண்டுட்டா. ஐப்பசி கடைசியில உடுப்பக் கட்டுங்கோ."

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் அம்பாறை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வயல்கள் பின்னால் போய், காடு வந்து, பிபிலைக்கு மேலே காற்று குளிர்ந்தது. எங்கள் பக்கம் தாய்மார் தங்க ஓர் இடம் கேட்டு யாரிடம் போவது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். தோட்டத்தில் 'இல்லை' என்று சொல்லக்கூடியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் ஒருவரும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருப்பவரில்லை. நாங்கள் நான்கு தலைமுறையாக இருக்கும் ஒற்றை அறைக் காம்பரா எங்கள் பேரில் இல்லை. அப்பா பேரிலும் இல்லை, அம்மா பேரிலும் இல்லை. நான் படித்த படிப்பை வைத்து, அந்த அறைகளைக் குடியிருப்பவர்களின் பேரில் எழுத வைப்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது பாதி வழியில் ஓரளவு தெளிவானது.

வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். ஆபிரிக்கா, ஜெனீவா, தாம்போதி, புதிய வாசல். கொழுந்துக் கூடைக் கயிறு அழுத்திய நெற்றியைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தார். டொக்டரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அந்தப் புள்ள," என்றார், "அம்புட்டு பேரு முன்னாடி, மெய்யாலுமே 'என் வீடு'ன்னு சொல்லுச்சா?"

"சொன்னாள் அம்மா."

"இன்னொரு தடவ சொல்லு, எப்புடிச் சொல்லுச்சு?"