நின்றபடி போட்ட கையெழுத்து

போன மாதம் இறந்துபோன என் அப்பா, பேக்கரியில் கேக் மேல் பெயர் எழுதியவர். க்ரீம் அடைத்த காகிதக் கூம்பை நட்டுக்குத்தலாகப் பிடிப்பார். கையை ஊன்ற மாட்டார், தோள்தான் எழுதும். எத்தனை கேக் ஆனாலும் எழுத்து அச்சு மாறாது.

பேனாவைக் கொடுத்தால் கதையே வேறு. ஒருநாள் கையெழுத்தின் வால் நீளும், மறுநாள் தலை சுருளும். "பேனாவுக்கு வெயிட்டே இல்லம்மா, கை ஓடிடுது" என்பார்.

போன தேர்தலின்போது, முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கட்டிலில் உட்கார்ந்தே தபால் ஓட்டுப் போட்டார். பின்னாலேயே தேர்தல் அலுவலகக் கடிதம் வந்தது. இங்கே தபால் ஓட்டின் உறைமேல் போடும் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்; அப்பாவுடையது அவர்களிடம் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை. கூட வந்த படிவத்தில் வெள்ளிக்கிழமைக்குள் சரியாகப் போட்டு அனுப்பாவிட்டால் ஓட்டு எண்ணப்படாது.

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. ஒரு தேர்தலையும் விடாதவர்.

"உங்க கையெழுத்து உங்களுக்கே அடையாளம் தெரியாது. பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க?" என்றாள் அம்மா.

"நீ சும்மா இரு. இன்ஜினியரம்மா, வழி சொல்லு."

அவர்களிடம் இருப்பது பழைய அடையாள அட்டையில் உள்ள கையெழுத்துதான். அட்டையைத் தேடி எடுத்தேன். சாய்வை அளந்து, வெள்ளைத்தாளில் பென்சில் கோடு போட்டுக் கொடுத்தேன். கோட்டுக்குள் நடுங்கி நடுங்கி எழுதினார்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "சொந்தக் கையெழுத்தையே கள்ளக் கையெழுத்தா போடுற ஆளை இப்பதான் பாக்குறேன்."

மூவரும் சிரித்துவிட்டோம்.

"அட்டை வாங்கின அன்னைக்கு எப்படிப்பா போட்டீங்க?" என்றேன்.

"வேலையிலிருந்து நேரா போனேன். கவுன்ட்டர்ல நின்னுக்கிட்டே..." பேச்சை நிறுத்தி அம்மாவைப் பார்த்தார்.

"அப்புறம் என்னங்க, எந்திரிங்க" என்று அம்மா தோள் கொடுத்தாள்.

சமையல் மேடையில் படிவத்தை வைத்தேன். அப்பா பேனாவைக் கூம்புபோலப் பிடித்தார், முழங்கையைத் தூக்கினார், ஒரே இழுப்பு. அட்டையில் இருந்த அதே கையெழுத்து.

ஓட்டு ஏற்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. அவர் போட்ட ஆள் தோற்றார். அப்பா அசரவில்லை.

"தோத்தா என்ன? அவருக்கு விழுந்ததுல ஒண்ணு நான் நின்னு போட்டது."

இந்தத் தேர்தலுக்கு நான் வெளியூர் வேலையில் இருக்கிறேன். என் தபால் ஓட்டு உறை நேற்று வந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று கையெழுத்துப் போட்டேன்.