புண்டலிக் குனிந்து தொடும் இடம்

தீவார் படகுத்துறையில் மஞ்சள் மட்கார்டு மாட்டிய மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைக்கிறவர்கள் ஒன்பது பேர். எங்களைப் பைலட் என்பார்கள். அதில் புண்டலிக் நாயக்கைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. ஒருவனைப் பிடித்துப்போனவர்கள் அவனைப் பாதிதான் பார்ப்பார்கள். நான் அவனைப் பதினோரு வருடமாக வெறுக்கிறேன். அவன் ஒரு நாளைக்கு எத்தனை முறை தும்முகிறான் என்பதுகூட எனக்குத் தெரியும்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். சாவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பான். கிழவிகளின் தேங்காய் மூட்டையை வீட்டுக்குள்ளேயே இறக்கி வைப்பான். தினமும் சவரம் செய்வான். வண்டியில் ஏறுமுன் குனிந்து, டாங்கிக்கு அடியில் இருக்கும் 'காக்' என்கிற பெட்ரோல் திருகைத் தொட்டுப் பார்ப்பான். ஒரு நாள் தவறியதில்லை.

"உள்ள சாமி ஏதாவது குடியிருக்கா?" என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். சிரிக்காமல் உதைத்துக் கிளப்பிக்கொண்டு போவான்.

ரிசர்வ் என்றால் டாங்கிக்குள் தனியாக ஒரு டப்பா இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. எல்லாம் ஒரே பெட்ரோல். உள்ளே இரண்டு குழாய். ஒன்று உயரம், ஒன்று குட்டை. சாதாரணமாக உயரக் குழாய் வழியாகத்தான் இறங்கும். பெட்ரோல் அதன் வாய்க்குக் கீழே போனதும் வண்டி இருமும். குனிந்து காக்கைத் திருப்பினால் குட்டைக் குழாய் அடியில் கிடப்பதை எடுத்துக் கொடுக்கும். அந்த இருமல்தான் எச்சரிக்கை. காக் முன்னாடியே ரிசர்வில் கிடந்தால் நடுவில் இருமாது. அடிச்சொட்டு வரை குடித்துவிட்டு ஒரேயடியாகச் செத்துப்போகும்.

எங்கள் துறையில் யாரும் ஹாண்டிலைப் பூட்ட மாட்டோம். வரிசையில் முன் வண்டி கிளம்பினால் மற்றவற்றை ஒரு சக்கரம் முன்னால் தள்ள வேண்டும். டீ குடிக்கப் போனவனின் வண்டியைப் பின்னால் நிற்பவன் தள்ளிவிடுவான்.

பதினோரு வருடம் முன்பு மட்காவ் ஊரில் கப்பல் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். மீதி ஒரே இடம். போட்டிக்கு நானும் புண்டலிக்கின் மச்சான் தத்தாராமும். அன்று காலை நான் டீக்கடையில் இருந்தபோது என் வண்டியைத் தள்ளியவன் புண்டலிக். இரவல் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஜுவாரி பாலத்தின் நட்டநடுவில் வண்டி செத்தது. ரிசர்வுக்குத் திருப்பக் கை வைத்தேன். அது ஏற்கெனவே ரிசர்வில் இருந்தது. முந்தாநாள் பெட்ரோல் போட்டதும் என் கையால் பழையபடி திருப்பி வைத்தது. மே மாத வெயிலில் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது கதவைச் சாத்திவிட்டார்கள். தத்தாராம் கப்பல் ஏறினான். நான் இன்னும் இந்தத் துறையில் கிடக்கிறேன்.

சாட்சி இல்லை. வாயைத் திறந்தால், 'நீயே மறந்திருப்பே' என்பார்கள். சில நாட்களில் எனக்கே அந்தச் சந்தேகம் வரும். அதுதான் என்னை அதிகம் அரித்தது.

போன ஜனவரியில் தத்தாராம் விடுப்பு முடிந்து கிளம்பினான். விமான நிலையத்துக்குக் கூட்டிப்போகிறவன் புண்டலிக். வழியில் அதே ஜுவாரி பாலம். இருவரும் டீக்கடையில் இருந்தார்கள். வரிசை நகர்ந்தது. புண்டலிக்கின் வண்டியைத் தள்ளினேன். தள்ளும்போதே காக்கை ரிசர்வுக்குத் திருப்பினேன். சுகமாக இருந்தது.

புண்டலிக் வந்தான். வழக்கம்போலக் குனிந்தான். விரல் அங்கேயே நின்றது. மெதுவாகத் திருப்பி வைத்தான். பிறகு தலையைத் தூக்கினான். மற்ற ஏழு பேர் பக்கம் அவன் கண் போகவே இல்லை. நேராக என்னைப் பார்த்தான்.

"என்ன பாத்ராவ், என்ன தேடுறே?" என்றேன். எங்கள் ஊரில் முதலாளியையும் அப்படித்தான் கூப்பிடுவோம், வம்புக்கு இழுக்கிறவனையும் அப்படித்தான்.

"யாரு வண்டியத் தள்ளினது?"

"எட்டுப் பேர் நிக்கிறோம். ஏன் என்னையே பாக்குறே?"

காலையில் வழித்த அவன் கன்னம் வெளுத்துப்போயிற்று.

"அத்தான், விமானம் நமக்காக நிக்காது, கெளம்பு" என்றான் தத்தாராம், ஒன்றும் புரியாமல்.

அவர்கள் போய்விட்டார்கள். விமானமும் தவறவில்லை. எனக்கு வருத்தமில்லை. கேட்காமலே அவன் வாக்குமூலம் கொடுத்துவிட்டான். பதினோரு வருடம், ஒவ்வொரு சவாரிக்கும், என் கைக்குப் பயந்து குனிந்திருக்கிறான்.

இப்போதெல்லாம் வரிசையில் அவனுக்குப் பின்னால்தான் நிற்கப் பார்க்கிறேன். அவன் டீக்கடைக்குப் போனால், "நீ நிதானமா குடி பாத்ராவ், உன் வண்டிய நான் தள்ளுறேன்" என்று எல்லோர் காதிலும் விழச் சொல்வேன். ஒரு சக்கரம் தள்ளிவிட்டு, டாங்கிக்கு அடியில் கையைக் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் வைத்திருப்பேன். அவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வருவான்.

அந்த ஜனவரிக்குப் பிறகு அந்தக் காக்கை நான் ஒருமுறைகூடத் திருப்பியதில்லை. அது அவனுக்குத் தெரியாது.