லோவ்ரோ போட்ட தப்பான மாத்திரை

ராடோவ்லிட்சா ஊர்ப் பக்கத்தில் தேனீ வளர்க்கும் லோவ்ரோ பெகுஷைக் கண்டால் பாதிரியாரே நடையை எட்டிப் போடுவார். எதற்கெடுத்தாலும் "ஏன்?" என்று கேட்டு ஆளைப் பிடித்து நிறுத்திவிடுவார் மனிதர்.

தேனீ கொட்டிய கை வீங்காமலிருக்க அவர் வீட்டில் எப்போதும் ஒவ்வாமை மாத்திரை இருக்கும். அந்த வசந்தத்தில் நெஞ்செரிச்சலும் சேர்ந்துகொண்டது. வயிற்றில் அமிலம் சுரக்கத் தூண்டுவது ஹிஸ்டமின் என்றார் டாக்டர்.

"கொட்டினா வீங்க வைக்குதே, அதே ஹிஸ்டமினா?"

"அதேதான்."

லோவ்ரோவுக்கு அது போதும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்! டாக்டர் எழுதிக் கொடுத்ததை வாங்காமல், ஒவ்வாமை மாத்திரையையே வேளை தவறாமல் விழுங்கினார். எரிச்சல் துளியும் அடங்கவில்லை. கண்தான் சொருகிக்கொண்டே வந்தது.

ஒரு பகல், லிண்டன் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். அவர் கூட்டிலிருந்து ராணித் தேனீயோடு பிரிந்து கிளம்பிய தேனீக்கள் வேலி தாண்டிப் பக்கத்து வீட்டு ஃபிலிப்பின் பிளம் மரத்தில் கொத்தாகத் தொங்கின. ஃபிலிப் அவற்றைத் தன் பெட்டியில் பிடித்துப் போட்டுவிட்டு வந்து எழுப்பினான்.

"என்னப்பா லோவ்ரோ, உன் பொண்ணுங்க என் வீட்டுக்குக் குடிவந்துட்டாளுங்க. நீ நல்லா குறட்டை விடு!"

"பிரிஞ்சு போற தேனீயைத் துரத்திட்டு வராதவனுக்கு அது மேல ஏது பாத்தியதை? நீயே வச்சுக்கோ" என்றார் லோவ்ரோ. இழப்பைவிட அவரை அரித்தது வேறு. நேராக மருந்துக்கடைக்குப் போய், அங்கே மருந்து எடுத்துக் கொடுக்கும் பிரெடாவிடம், "ரெண்டும் ஒரே ஹிஸ்டமின்தானே, என் மாத்திரை ஏன் எரிச்சலை அடக்கல?" என்று கேட்டார்.

பிரெடா சிரித்துவிட்டாள். "ஹிஸ்டமின் ஒரு சாவி மாதிரி, பெரியவரே. தோல்ல ஒரு பூட்டு, வயித்துல வேற பூட்டு. ரெண்டையும் அந்த ஒரே சாவி திறக்கும். உங்க மாத்திரை தோல்ல இருக்கிற பூட்டைத்தான் அடைக்கும். வயித்துப் பூட்டுக்கு வேற மருந்து."

"அப்ப தூக்கம் ஏன்?"

"தோல்ல இருக்கிற அதே பூட்டு மூளையிலயும் இருக்கு. அங்க ஹிஸ்டமின் வேலையே நம்மள முழிச்சிருக்க வைக்கிறதுதான்."

"அடக் கடவுளே! வயித்தை அடைக்கிறேன்னு முழிப்பை அடைச்சிருக்கேனே!"

டாக்டர் எழுதியதை வாங்கிப் போட்டதும் எரிச்சல் சில நாளில் தணிந்தது. ஆனால் லோவ்ரோ மறுபடி கடைக்கு வந்து நின்றார். "பூட்டு ரெண்டுன்னு கண்ணால பாக்க முடியாதே, கண்டுபிடிச்சவங்களுக்கு எப்படிம்மா சந்தேகம் வந்துச்சு?"

பிரெடா யோசித்தாள். "எனக்கும் முழுசாத் தெரியாது. படிச்சுப் பார்த்துச் சொல்றேன்."

ஒருவர் தன்னோடு சேர்ந்து வியப்பது லோவ்ரோவுக்குப் புதிது. தொப்பியைக் கழற்றிவிட்டு, கடையிலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.