தரையைப் பார்த்து ஓட்டுகிறவர்

நாச்சியார் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்ததும் இடது கையைத் தாழவிட்டு வெறும் காற்றை ஒரு இழு இழுப்பார். பதினோரு வருஷம் தம்பானூர் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டிய கை. ஸ்டார்ட்டர் கம்பியை இழுக்காமல் ஒரு வண்டி கிளம்பும் என்பதை அது இன்னும் நம்பவில்லை. அப்புறம்தான் வலது கை மவுஸைத் தொடும். நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால், வித்துராவில், அதே ஆஸ்பத்திரியின் கிளையில், பெண்கள் வார்டின் சுவரோரம் நிற்கும் ரோபோ அசைந்து கொடுக்கும்.

ரோபோ என்றதும் கையும் காலும் முளைத்த ஏதோ ஒன்றை நினைத்துவிட வேண்டாம். அடியில் சக்கரங்கள், நடுவில் ஒரு கம்பம், உச்சியில் ஒரு திரை, அவ்வளவுதான். திருவனந்தபுரத்தில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் வெங்கடேஸ்வரனின் முகம் அந்தத் திரையில் தெரியும். கட்டில் கட்டிலாகப் போய் விசாரிப்பது டாக்டர், வண்டியை ஓட்டுவது நாச்சியார். ஆரம்பத்தில் டாக்டரே ஓட்டிப் பார்த்தார். முதல் வாரத்திலேயே இரண்டு குளுக்கோஸ் ஸ்டாண்டும் ஒரு சாப்பாட்டுத் தள்ளுவண்டியும் கவிழ்ந்தன. "நமக்கு அறுக்கத்தான் தெரியும்" என்று ஒப்புக்கொண்டு ஆள் தேடச் சொன்னார். முழங்கால் தேய்ந்து ஆட்டோவை விற்றிருந்த நாச்சியார் வந்தார், பத்து நிமிஷம் ஓட்டிக் காட்டினார். "இது என்னத்த சார். ஓணத்துக்கு முந்தின நாள் சாலைக் கடைத்தெருவுக்குள்ள ஓட்டினவளாக்கும் நான்" என்றார். வேலை கிடைத்தது.

தன்னடக்கம் அவருக்கு ஒத்துவராது. வார்டுக்குள்ளும் இடதுபக்கமாகத்தான் போவார். திருப்பத்தில் ரோபோவின் குட்டி மணியை அடிப்பார். இங்கே விசையைத் தட்டினால் அங்கே வண்டி நிற்க அரை விநாடி ஆகும். அதற்குக் கம்பெனிக்காரர்கள் வாய்க்குள் நுழையாத ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். நாச்சியார் அதைப் பெரிதுபடுத்துவதில்லை. "பிரேக் கொஞ்சம் தாமசம். முன்னாலயே மிதிச்சா தீந்துது" என்பார். ஓட்டுகிறவரின் முகமும் குரலும் நோயாளிக்குத் தெரியக்கூடாது என்பது ஆஸ்பத்திரிச் சட்டம். அதிலும் அவருக்குக் குறை இல்லை. "சவாரிக்காரங்க பேசயில டிரைவர் வாயத் தொறக்கப்பிடாது. அது ஸ்டாண்டுலயும் உள்ளதுதானே."

அவர் முன்னால் இரண்டு படங்கள் ஓடும். மேலே இருப்பது டாக்டரும் பார்க்கிற படம், ஆட்களின் முகம். கீழே இருப்பது ஓட்டுகிறவருக்கு மட்டும், சக்கரங்களைச் சுற்றி நாலு பக்கமும் தரை. நாச்சியாருக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். "மூஞ்சிய வச்சு ஆளைப் பிடிக்க முடியாது. செருப்பப் பாக்கணும், பையப் பாக்கணும். எவரு எந்த பஸ்ஸுக்கு வந்து எறங்கியிருக்காருன்னு சொல்லிரலாம்." இப்படிப் பெருமை பேசுகிறவருக்கு இரண்டு வாரமாக ஒரு விஷயம் மட்டும் பிடிபடவில்லை. காலையில் இணைப்புக் கொடுத்தால் மேல்படம் இருட்டாக இருக்கும். யாரோ ரோபோவின் தலையில் துண்டைப் போட்டு மூடியிருப்பார்கள். "தூசு பொடி படாதிருக்க யாரோ மூடுறதாக்கும் சேச்சி" என்பாள் நர்ஸ் சிஜி, துண்டை எடுத்தபடி. தன் வண்டியை ஒரு புண்ணியவதி அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறாள் என்று நாச்சியாருக்கு உள்ளூர சந்தோஷம்.

நான்காம் கட்டிலில் பொன்னம்மை. போணக்காடு தேயிலை எஸ்டேட்டில் முப்பது வருஷம் கொழுந்து கிள்ளியவர். சர்க்கரை வியாதியில் இடது உள்ளங்காலில் புண். காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று கட்டளை. ஆனாலும் புண் ஆறுவதாக இல்லை. அன்று ரவுண்ட்ஸ் ஒரு மணி நேரம் முன்னதாகவே நடந்தது.

"நடக்கறீங்களா, பொன்னம்மை?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லீங்க சார். கட்டில விட்டு எறங்கல."

"அப்படின்னா மருந்து கேக்கலை. வெள்ளிக்கிழமை பாதத்தை எடுத்துர வேண்டியதுதான். உசிரு முக்கியம் இல்லையா?"

பொன்னம்மை தலையை மட்டும் ஆட்டினார். டாக்டர் இணைப்பைத் துண்டித்தார். வண்டியைச் சுவரோரம் சார்ஜரில் கொண்டு நிறுத்துவது நாச்சியாரின் வேலை. திருப்பும்போது கீழ்ப்படத்தைப் பார்த்தார். தரை இன்னும் துடைக்கப்படவில்லை. வெள்ளை டைல்ஸில் பழுப்பாகச் சிறு கறைகள், இடது காலின் கறைகள் மட்டும், ஓர் அடி விட்டு ஓர் அடியாகப் போயிருந்தன. நாச்சியார் அதன் பின்னாலேயே ஓட்டினார். கறைகள் கழிப்பறைக்குப் போகவில்லை, ஜன்னலுக்கும் போகவில்லை. நேரே சார்ஜருக்குப் போய், திரும்பி நான்காம் கட்டிலுக்கு வந்திருந்தன.

அவர் சட்டத்தை மறந்தார். தன் கேமராவையும் மைக்கையும் போட்டார். ரோபோ மறுபடி கட்டிலுக்கு வந்தது.

"அக்கா, நான் டாக்டர் இல்ல. வண்டி ஓட்டுறவ. பேரு நாச்சியார்."

பொன்னம்மை போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார். "பொம்பளையா ஓட்டுறது?"

"பொம்பளைதான். இந்த வண்டி மேல துண்டு போடுறது நீங்கதானே?"

 பொன்னம்மை குரலைத் தணித்துச் சொன்னார். "வெளக்கு வச்சப்புறம் நாங்க துணி மாத்துவோம். இது எங்களையே பாத்துட்டு நிக்குது. எப்ப ஆம்பள மொகம் வரும்னு யாரு கண்டா? எட்டுப் பொம்பளைங்க கெடக்கோம். மத்தவளுங்களுக்கு இதத் தொடப் பயம். யாராச்சும் மூடணுமில்ல?"

"அணைச்சுட்டா ஒண்ணும் தெரியாதுக்கா."

"அது ஒங்களுக்குத் தெரியும். எங்களுக்கு?"

ஸ்டாண்டில் ஒருவரும் நாச்சியாரைப் பேசி ஜெயித்ததில்லை. இந்த அக்கா ஜெயித்துவிட்டார். இரண்டு வாரம் அந்தத் துண்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதை நினைத்து வெட்கமாக இருந்தது.

"நடக்கயில வலிக்கலையா அக்கா?"

"மரத்த காலு. ஒண்ணும் தெரியல."

"இன்னிக்கு நீங்க துணி மாத்துறதுக்கு முந்தி வண்டி வெளிய போயிரும். நீங்க கால எறக்கப்பிடாது. செரியா?"

முழங்காலைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாடி ஏறி டாக்டரின் அறைக்குப் போனார் நாச்சியார். விஷயத்தைக் கேட்ட டாக்டருக்கு முதலில் கோபம்தான் வந்தது.

"பேஷண்ட்டோட பேசச் சொல்லி யார் சொன்னா உங்களுக்கு?"

"யாரும் சொல்லல சார். என் வேலைய எடுக்கணும்னா எடுங்க. அவங்க கால எடுக்காதீங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். "நடக்கலைன்னா பத்து நாள் பொறுத்துப் பாக்கலாம். ஆனா வண்டியை எங்க நிறுத்துவேள்? வார்டு வாசல்ல நிலைப்படி இருக்கே. அதைத் தாண்டாதுன்னு கம்பெனிக்காரா எழுதியே குடுத்திருக்கா."

"அவன் ஆட்டோ ஓட்டியிருக்கானா சார்?" என்று கேட்டுவிட்டு நாச்சியார் கீழே இறங்கினார்.

சாயங்காலம் சார்ஜரைக் கழற்றி வெளி வராந்தாவில் மாட்டி வைத்தாள் சிஜி. நிலைப்படி மூன்று விரல் உயரம் இருந்தது. நேராகப் போனால் முன்சக்கரம் முட்டி நின்றுவிடும். பின்பக்கமாக, சற்றே சாய்த்து, ஒவ்வொரு சக்கரமாக ஏற்ற வேண்டும். சாய்ப்பு கொஞ்சம் கூடினால் வண்டி விழும். விழுந்தால் இந்த வேலையும் இல்லை. நாச்சியாருக்கு அதில் பயம் இருந்ததாகத் தெரியவில்லை. படியை இரண்டு தரம் அளவு பார்த்தார். மணியை ஒருமுறை அடித்தார்.

பின்பக்கமாகப் போவதென்றால் ரோபோவின் முகம் வார்டைப் பார்த்தபடிதான் போகும். விளக்கு போட்டாயிற்று. பெண்கள் மாற்றுத்துணியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒருத்தி அவசரப்பட்டு முந்தானையைத் தளர்த்தியும்விட்டாள்.

திருவனந்தபுரத்தில், கம்ப்யூட்டர் அறையில் நாச்சியாரைத் தவிர யாரும் இல்லை. அவர் ஓர் உள்ளங்கையை விரித்து மேல்படத்தின் மீது அழுத்தி வைத்துக்கொண்டார். மற்ற கை வண்டியைப் பின்னால் எடுத்தது. தரை மட்டுமே தெரிந்தது. ஒரு சக்கரம் ஏறியது. கம்பம் சாய்ந்தது, நின்றது. அடுத்த சக்கரமும் ஏறி இறங்கியது. சிஜி உள்ளேயிருந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. அதற்குப் பிறகுதான் கையை எடுத்தார்.